சர்வீஸ் டாக்ஸ் காலத்தில் எடுத்த ஃப்ளோட்டர் பாலிசி, இன்று வரை

ஐந்து லட்ச ரூபாய்க்கு ஒரு குடும்ப ஃப்ளோட்டர் மருத்துவக் காப்பீடு, அதாவது ஒரே தொகையை வீட்டில் எல்லோரும் பகிர்ந்துகொள்வது. ஜிஎஸ்டி வருவதற்கு முன்பே எடுத்தது, இடையில் ஒரு வருடம்கூட விடவில்லை. நான், மனைவி, மகன் என்று மூன்று பேர். எடுத்த வருடம் வரியோடு சேர்த்துப் பத்தாயிரத்துச் சொச்சம் கட்டினேன். இந்த வருடம் வரியே இல்லாமல் 31,800. காப்பீட்டுத் தொகை அதே ஐந்து லட்சம்தான். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். வேறு நிறுவனங்களில் பாலிசி வைத்திருக்கும் நண்பர்களின் ரசீதுகளையும் பார்த்திருக்கிறேன், கதையில் பெரிய வித்தியாசம் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என்னைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களுக்கு இதை விட்டால் வேறு வழி குறைவு. தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு, இஎஸ்ஐ இருக்கிறதே என்பார்கள். அதற்கான சம்பள உச்சவரம்பு 2017 ஜனவரியிலிருந்து 21,000 ரூபாய். அதற்கு மேல் போனால் நீங்கள் வெளியே. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் மேலே, ஆனால் மூன்று லட்ச ரூபாய் ஆஸ்பத்திரி பில்லைக் கையிலிருந்து எடுத்து வைக்க முடியாத இடத்தில் ஒரு பெரிய கூட்டம் நிற்கிறது. பிரீமியம் ஏறுவது முழுதாகச் சுடுவது அந்தக் கூட்டத்துக்குத்தான்.

ஏன் ஏறுகிறது என்று கஸ்டமர் கேரில் கேட்டால் "மெடிக்கல் இன்ஃப்ளேஷன் சார்" என்று ஒரே பதில் வரும். அது பொய் இல்லை, ஆனால் முழுக்கதையும் இல்லை. என் பழைய ரசீதுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஏற்றம் சீராக இல்லை. இரண்டு மூன்று வருடம் ஏறக்குறைய ஒரே தொகை, அப்புறம் ஒரு தாவல். தாவலுக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, வயது. பிரீமியம் அட்டவணை 36-40, 41-45, 46-50 என்று அடுக்கடுக்காகப் போகும். என் பாலிசியில் வீட்டில் மூத்தவர் எந்த அடுக்கில் இருக்கிறாரோ, அதை வைத்தே குடும்பம் முழுவதற்கும் கணக்குப் போடுகிறார்கள். நான் 45ஐத் தாண்டிய வருடம், பள்ளிக்கூடம் போகும் என் மகனும் சேர்ந்தே அடுத்த அடுக்குக்கு ஏறினான். இரண்டாவது, அட்டவணையையே திருத்துவது. அந்தத் திட்டத்தில் கிளைம் அதிகமாகிவிட்டது, மருத்துவமனைக் கட்டணம் கூடிவிட்டது என்று எல்லா அடுக்கின் விலையையும் மொத்தமாக உயர்த்துவார்கள். இரண்டும் ஒரே வருடத்தில் சேர்ந்து வந்தால் ரென்யூவல் எஸ்எம்எஸ்ஸைப் பார்த்ததும் தலை சுற்றும். எனக்கு ஒருமுறை வந்தது.

கிளைம் செய்தால் பிரீமியத்தை ஏற்றிவிடுவார்கள் என்று பலர் பயந்து சின்னச் சின்ன கிளைம்களை விட்டுவிடுகிறார்கள். தனிநபர் கிளைம் செய்தார் என்பதற்காக அவருக்கு மட்டும் ரென்யூவலில் விலையைக் கூட்டக் கூடாது, ரென்யூவலை மறுக்கவும் கூடாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதி இது. கிளைம் செய்யாத வருடங்களுக்காகக் காப்பீட்டுத் தொகையில் கூட்டித் தந்த போனஸ் குறையலாம், அது வேறு கணக்கு. என் வீட்டில் பெரிய கிளைம் வந்த வருடத்துக்கு அடுத்த ரென்யூவலில் விலை அசையவே இல்லை. எதுவுமே கிளைம் செய்யாத ஒரு வருடத்துக்குப் பின்தான் தாவியது.

இதனால்தான் புதிதாக பாலிசி எடுக்கப்போகிறவர்களிடம் நான் ஒன்றை விடாமல் சொல்வேன். ஏஜென்ட் காட்டுவது உங்கள் இன்றைய வயதுக்கான தொகை. அட்டவணையைக் கேட்டு வாங்கி, விரலை வைத்துக் கீழ்நோக்கிப் படியுங்கள். 50ல் எவ்வளவு, 60ல் எவ்வளவு, 70ல் எவ்வளவு என்று பாருங்கள். இன்று ஆயிரம் ரூபாய் மலிவாகத் தெரியும் பாலிசி 55க்கு மேல் இன்னொன்றைவிட எக்கச்சக்கமாக ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த அட்டவணையும் நாளைக்குத் திருத்தப்படும்தான். ஆனாலும் நிறுவனம் வயதானவர்களை எப்படிப் பார்க்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

சரி, பணம் கட்டினோம், வேலைக்கு உதவியதா? உதவியது. 2023ல் மனைவிக்குப் பித்தப்பைக் கல், லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சை. கேஷ்லெஸ், அதாவது பில்லை நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டிவிடும். இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த பெண் அட்டையைப் பார்த்துவிட்டு, "உங்க எலிஜிபிலிட்டி ஐயாயிரம் சார். அந்த ரூம் இப்போ காலி இல்லை, டீலக்ஸ் ஏழாயிரத்து ஐநூறு. போட்டுடட்டுமா?" என்றார்.

"ரெண்டு பேர் தங்குற ட்வின் ஷேரிங் ரூம் இருக்காம்மா?"

"இருக்கு சார், மூவாயிரத்து ஐநூறு."

"அதையே போடுங்க."

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். என் பாலிசியில் அறை வாடகை வரம்பு காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு 5,000. 7,500 ரூபாய் அறையில் இரண்டு நாள் தங்கினால் கைக்காசு 5,000தானே போகும் என்று தோன்றும். அப்படி இல்லை. நீங்கள் எடுத்த அறைக்கும் வரம்புக்கும் உள்ள விகிதத்தில் மற்றக் கட்டணங்களையும் வெட்டுவார்கள். 7,500க்கு 5,000 என்றால் மூன்றில் இரண்டு பங்கு. சர்ஜன் கட்டணம், மயக்க மருந்து டாக்டர், ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் சேர்ந்து 90,000 வந்தால் 60,000தான் தருவார்கள். வாடகை வித்தியாசம் 5,000, வெட்டு 30,000, ஆக 35,000 நம் தலையில். அறைக்குத் தகுந்தபடி டாக்டர் கட்டணமும் மாறுவதால் இந்த ஏற்பாடு. மருந்து, பரிசோதனை, உடலுக்குள் வைக்கும் கருவிகள் போன்றவற்றை இந்த வெட்டில் சேர்க்கக் கூடாது என்று 2020ல் விதியைத் திருத்தினார்கள். அதற்கு முன்பு நிலைமை இன்னும் மோசம். என் அலுவலக நண்பர் ஒருவர் அந்தக் காலத்தில் இதில் மாட்டிக்கொண்டு நகையை அடகு வைத்தார். அந்தக் கதையைக் கேட்டிருந்ததால்தான் எனக்கு ட்வின் ஷேரிங் என்று வாயில் வந்தது.

கிளைம் செய்யாத வருடங்களில் சேர்ந்த போனஸால் ஐந்து லட்சம் ஏழரை லட்சம் ஆகிவிட்டது என்று ஒவ்வொரு வருடமும் மெயில் வருமே, அதை நம்பி 7,500 ரூபாய் அறை கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். வரம்பு அடிப்படைத் தொகைக்கு மட்டும்தான். புதிதாக எடுப்பவர்கள் அறை வாடகை வரம்பே இல்லாத பாலிசி பார்ப்பது நல்லது. கொஞ்சம் கூடுதல் விலை, ஆனால் கொடுக்கலாம்.

பில்லில் எனக்குக் கைக்காசு போனது வேறு வழியில். கையுறை, மாஸ்க், சிரிஞ்ச், அண்டர்பேட், அட்மிஷன் கிட் என்று ஒரு பக்கம் நீளத்துக்குச் சின்னச் சின்ன வரிகள், ஒவ்வொன்றின் எதிரிலும் 'நான்-பேயபிள்', காப்பீட்டில் தர மாட்டார்கள் என்று அர்த்தம். கூட்டினால் ஆறாயிரம் சொச்சம். எங்கள் அட்மிஷன் கிட்டில் இருந்தது ஒரு சீப்பு, சோப்பு, டூத்பேஸ்ட், ஒரு தண்ணீர் பாட்டில். அதற்கு மட்டும் போட்ட தொகைக்கு வீட்டுக்கு ஒரு மாதம் சோப்பு வாங்கலாம்.

டிஸ்சார்ஜ் அன்று காலை ரவுண்ட்ஸில் டாக்டர் கிளம்பலாம் என்றார். காப்பீட்டு நிறுவனத்தின் அப்ரூவல் வந்தது இருட்டிய பிறகு. நடுவில் டிபிஏ, அதாவது நிறுவனத்துக்காக கிளைம்களைப் பார்க்கும் இடைநிலை அமைப்பு, ஒரு கேள்வி கேட்க, ஆஸ்பத்திரி பதில் அனுப்ப, அவர்கள் அதே கேள்வியை மறுபடி கேட்க, கட்டிலைக் காலி செய்யவும் முடியாமல் கிளம்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தோம். அடுத்த வருடம், 2024 மே மாதம், இதற்கு ஐஆர்டிஏஐ விதி போட்டது. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு, டிஸ்சார்ஜ் கோரிக்கைக்கு மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி. தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாக ஏதாவது வசூலித்தால் அது காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு. ஆஸ்பத்திரியே பில்லை அனுப்பத் தாமதித்தால் அந்த மூன்று மணி நேரக் கடிகாரம் ஓடவே தொடங்காது என்பதையும் நினைவில் வையுங்கள். பில்லிங் கவுன்ட்டரில் போய் "அனுப்பியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் இன்றும் வேலை செய்கிறது.

இவ்வளவு ஏறுகிறதே, வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டால் என்ன? முயன்றேன். 2011லிருந்தே பாலிசியை இப்படி மாற்றிக்கொள்ளும் போர்ட்டபிலிட்டி உண்டு. சில நோய்களுக்கு கிளைம் கிடைக்காத ஆரம்பக் காத்திருப்புக் காலத்தில் கழித்த வருடங்களும் பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்குக் கூடவே வரும். ரென்யூவல் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பே விண்ணப்பியுங்கள் என்றார்கள், அதன்படியே செய்தேன். ஆனால் புதிய நிறுவனம் நம்மைக் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை. மனைவிக்கு இடையில் சர்க்கரை வந்துவிட்டது. மருத்துவ விவரங்களைக் கேட்டார்கள், கொடுத்தேன், பணிவாக ஒரு மறுப்பு மெயில் வந்தது.

மருத்துவக் காப்பீட்டு விலையில் எனக்கு உண்மையிலேயே கசப்பான இடம் இதுதான். மற்றப் பொருட்களில் விலை ஏறினால் கடையை மாற்றலாம். இதிலோ, விலை அதிகம் ஏறும் வயதும் உடம்பில் ஏதாவது ஒன்று வந்து நம்மை வேறு யாரும் சேர்த்துக்கொள்ளாத வயதும் ஒன்றாக இருக்கிறது. மாற வேண்டுமானால் நாற்பதுக்குள், எல்லா ரிப்போர்ட்டும் சுத்தமாக இருக்கும்போதே மாறிவிட வேண்டும். தங்கியிருப்பதிலும் லாபம் உண்டு என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான அதிகபட்சக் காத்திருப்பை 2024ல் நான்கு வருடத்திலிருந்து மூன்றாகக் குறைத்தார்கள். தொடர்ந்து ஐந்து வருடம் கட்டியவரிடம் 'அன்று இதைச் சொல்லவில்லை' என்று காரணம் காட்டி கிளைமை மறுக்க முடியாது, மோசடி என்று நிரூபித்தால் தவிர. முன்பு இது எட்டு வருடம். பழைய பாலிசிக்கு இந்த அளவுக்கு மதிப்பு இருக்கிறது.

அலுவலகக் குரூப் பாலிசி இருக்கும்போது தனியாக எதற்கு என்று என் அணியில் உள்ள இளைஞர்கள் கேட்பார்கள். வேலை போன அன்றோடு அதுவும் போகும் என்பது தெரிந்த பதில். தெரியாத பதில், வேலையில் இருக்கும்போதே அது சுருங்கும். எங்கள் அலுவலகத்தில் முதலில் பெற்றோருக்கான பிரீமியத்தைச் சம்பளத்தில் பிடிக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் பெற்றோர் கிளைமுக்கு 20 சதவீதம் கோ-பே வந்தது, பில்லில் அந்தப் பங்கை நாமே கட்ட வேண்டும். ஹெச்ஆர் மெயிலில் அதற்கு 'பெனிஃபிட்ஸ் அப்டேட்' என்று தலைப்பு.

பெற்றோரை நான் ஃப்ளோட்டரில் சேர்க்கவே இல்லை. அப்பாவின் வயதை வைத்து வீட்டுக்கே விலை போடுவார்கள் என்பதால் அவர்களுக்குத் தனி பாலிசி. 2025 ஜனவரியில் மூத்த குடிமக்களின் பிரீமியத்தை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் முதலில் ஆணையத்திடம் கலந்து பேச வேண்டும் என்று உத்தரவு வந்தது. 60ஐத் தொடாத நமக்கு அப்படி எதுவும் இல்லை. 70 வயது நிரம்பியவர்களுக்கு வருமான வரம்பு பாராமல் ஐந்து லட்சம் என்று 2024 அக்டோபரில் மத்திய அரசின் மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் திட்டத்தை விரித்தார்கள். நீங்கள் போகும் ஆஸ்பத்திரியில் அது செல்லுமா என்று நேரில் கேட்டுவிட்டு நம்புங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், ஃப்ளோட்டர் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இல்லை. எனக்கு முந்தைய வருடம் வரியோடு 34,000க்கு மேல் கட்டியது. வரியைக் கழித்தால் 28,900 வந்திருக்க வேண்டும், வந்தது 31,800. அட்டவணையைத் திருத்தியிருக்கிறார்கள். வரிவிலக்கில் பாதிக்கு மேல் அப்படியே கரைந்துவிட்டது. இதில் பழைய வருமான வரி முறையில் இருந்தால் கட்டிய பிரீமியத்துக்கு 25,000 வரை கழிவு உண்டு, புதிய முறையில் அதுவும் இல்லை.

விலையைச் சமாளிக்க நான் செய்ததில் உருப்படியானது சூப்பர் டாப்-அப் ஒன்றுதான். அடிப்படைப் பாலிசியை ஐந்திலிருந்து இருபத்தைந்து லட்சமாக உயர்த்தாமல், ஐந்து லட்சம் டிடக்டிபிள் (அதுவரை அந்தப் பாலிசி எதுவும் தராது) வைத்து இருபது லட்சத்துக்குத் தனியாக ஒன்று எடுத்தேன். வருடத்தின் மொத்தச் செலவு ஐந்து லட்சத்தைத் தாண்டினால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். அப்படிப்பட்ட பெரிய பில் அபூர்வம் என்பதால் அடிப்படைப் பாலிசியின் விலையில் சிறு பங்குதான். வெறும் டாப்-அப் என்பது வேறு, அதில் ஒவ்வொரு கிளைமும் தனித்தனியாக ஐந்து லட்சத்தைத் தாண்ட வேண்டும். இரண்டுக்கும் பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம், ஏஜென்ட் சொல்வதைக் காதில் கேட்டதோடு விடாமல் ஆவணத்தில் பாருங்கள்.

மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடியும் உண்டு, இடையில் அட்டவணையைத் திருத்தினாலும் நம்மைத் தொடாது என்றார் ஏஜென்ட். நல்ல யோசனைதான். ஆனால் தொண்ணூறாயிரத்தை ஒட்டி ஒரே தடவையில் எடுத்து வைக்க வேண்டும், கிரெடிட் கார்டு இஎம்ஐயில் போட்டால் வட்டி தள்ளுபடியை விழுங்கிவிடுகிறது. மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் வருடம் வேறு. ஒரு வருடத்துக்கே கட்டினேன்.