மதுரையில் ஒரு பிராணிகள் காப்பகம்: ஊருக்குப் போன இடத்தில் பார்த்ததும் கேட்டதும்

சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போய் வருகிறவர்கள் ஆதார் திருத்தம், வங்கிக் கணக்கு, பத்திரப் பதிவு என்று எழுதுவார்கள். அந்த வேலையெல்லாம் எனக்கும் இருந்தது, ஒருவழியாக முடிந்தது. ஆனால் இந்த முறை மதுரையில் நான் அதிகம் போய் வந்தது ஒத்தக்கடைக்கு அப்பால், யானைமலை தெரிகிற தூரத்தில் இருக்கும் ஒரு பிராணிகள் காப்பகத்துக்கு. அப்பா அம்மாவை ஊரில் விட்டுவிட்டு வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு அந்த இடத்தைப் பற்றித் தெரிய வேண்டியது நிறைய இருக்கிறது. நடத்துகிறவர்கள் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். பெயர் வெளியே வந்தால் ராத்திரியோடு ராத்திரியாக வாசலில் அட்டைப்பெட்டியில் குட்டிகளை வைத்துவிட்டுப் போகிறார்களாம்.

நான் போனதற்குக் காரணம் கருப்பி. திருப்பாலையில் அம்மா வீட்டுத் தெருவில் வளர்கிற நாய். யாருக்கும் சொந்தமில்லை, எல்லார் வீட்டிலும் சாப்பிடும். அதன் காதுக்குப் பின்னால் புண் வந்து புழு விழுந்துவிட்டது. பக்கத்தில் போனாலே வாடை. பினாயில் ஊற்று என்றார் ஒருவர், மண்ணெண்ணெய் ஊற்று என்றார் இன்னொருவர். இரண்டுமே சதையை அரித்துவிடும்.

காப்பகத்துக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர்களே கூப்பிட்டார்கள். சின்னப் பையன் குரல். "அக்கா, போட்டோவும் லொகேஷனும் வாட்ஸ்அப்ல போடுங்க. வண்டி தெற்குவாசல் பக்கம் போயிருக்கு, திரும்ப சாயங்காலம் ஆயிரும். புண்ணுல எதையும் ஊத்திராதீங்க. ஈ உக்காராம ஒரு துணிய மட்டும் போட்டு வைங்க." இவ்வளவுதான் பேச்சு. வருகிறோம் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதைவிட, வண்டி இல்லை என்று முதலிலேயே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு ஆட்டோக்காரர்கள் மறுத்த பிறகு குட்டி யானை என்கிற சின்ன சரக்கு வண்டி வைத்திருக்கும் ஒரு தம்பி சம்மதித்தார். பால் பிஸ்கட்டைக் காட்டிக் கருப்பியை ஏற்றினோம்.

தல்லாகுளத்தில் அரசுப் பன்முக கால்நடை மருத்துவமனை இருக்கிறது. 1962 என்ற எண்ணில் அரசின் கால்நடை ஆம்புலன்ஸும் உண்டு, ஆனால் அது முக்கியமாக ஆடு மாடு வளர்க்கிறவர்களுக்கானது. மருத்துவமனையில் காட்டி ஊசி போட்டுவிடலாம்தான். ஆனால் புழுப்புண் ஆற நாள் கணக்கில் கட்டு மாற்ற வேண்டும். தெருநாயை மறுநாள் யார் பிடித்து வருவது? அது தங்குவதற்கு ஓர் இடம் வேண்டும், அதைக் கொடுப்பது காப்பகம்தான்.

அன்று கருப்பிக்கு வைத்தியம் நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதைச் செய்த அண்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முன்பு மாட்டாஸ்பத்திரியில் உதவியாளராக இருந்தவர். பேண்டேஜ் துணியில் ஒரு சுருக்குப் போட்டு நாயின் வாயைச் சுற்றி, தாடைக்கடியில் குறுக்கே விட்டுக் காதுக்குப் பின்னால் முடிந்தார். இறுக்கமும் இல்லை, கடிக்கவும் முடியாது. புண்ணைச் சுற்றி முடியை மழித்தார். டர்பன்டைன் நனைத்த பஞ்சைக் குழிக்குள் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். உடனே நோண்டினால் புழு இன்னும் உள்ளே போய்விடுமாம். கொஞ்ச நேரத்தில் அரிசி அரிசியாக வெள்ளையாக அதுகளே மேலே வந்தன. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டார். மேலே பார்க்கச் சின்ன ஓட்டை, உள்ளே ஒரு விரல் போகிற ஆழம். ஈ முட்டையிட்டால் ஒரு நாளைக்குள் புழு வந்துவிடும், அதனால்தான் நேற்று ஒன்றுமில்லாத நாய் இன்று இப்படி நிற்கிறது என்றார். கருப்பி முனகவில்லை. அவர் கையில் தலையைச் சாய்த்துக் கொடுத்துவிட்டது.

காசு எவ்வளவு என்று கேட்டேன். தெருநாய்க்கு வாங்குவதில்லை, முடிந்தால் மருந்துக்குக் கொடுங்கள் என்று ரசீதுப் புத்தகத்தை நீட்டினார்கள். அதற்கு முன்னால், வீட்டில் வளர்க்கும் நாய்க்கு ஒரு தனியார் கிளினிக்கில் இரண்டு மடங்கு பில் போட்டதாக அம்மாவின் சிநேகிதி புலம்பிக் கேட்டிருந்தேன். இங்கே ரசீது இல்லாமல் பத்து ரூபாய்கூட வாங்குவதில்லை.

கருப்பி அங்கே இருந்த நாட்களில் அடிக்கடி போய் உட்கார்ந்தேன். பழைய மாட்டுத் தொழுவத்தை மாற்றிய இடம். சிமெண்ட் தரை, தகரக் கூரை. பெரிய அண்டாவில் குருணை அரிசியும் கோழித்தலை, கோழிக்காலும் மஞ்சள் போட்டு வெந்துகொண்டிருக்கும். கோழிக்கடைக்காரர்கள் தலையையும் காலையும் தினமும் எடுத்து வைத்துக் கொடுக்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய பிரியாணியைக் கொண்டு வருகிறவர்களை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதில் இருக்கும் மசாலா நாய்களுக்கு ஆகாது.

யார் யார் வருகிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருந்தேன். வண்டியில் அடிபட்ட நாயைச் சாக்கில் ஏந்தி வந்த ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள். எந்தச் சந்தில் எந்த நாய் குட்டி போட்டிருக்கிறது என்று சொல்ல வந்த தூய்மைப் பணியாளர் அம்மா. தெருவைப் பற்றி அவரைப் போல் தெரிந்தவர் யாருமில்லை. தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவர் சன்னதியில் விளக்கேற்றிவிட்டு ஒரு மூட்டை அரிசியோடு வந்த குடும்பம். நாய் கடித்த பேரனோடு என்ன செய்வது என்று தெரியாமல் நேரே இங்கே வந்து நின்ற ஒரு தாத்தா.

அந்தத் தாத்தாவிடம் அவர்கள் நடந்துகொண்ட விதத்தைத்தான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பையனின் காலை முதலில் குழாயடிக்குக் கொண்டுபோய்ச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது, கட்டுப் போடவும் கூடாது என்றார்கள். பிறகு ராஜாஜி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஊசி இலவசம். முதல் ஊசி போடுகிற நாளை 0 என்று வைத்து 3, 7, 28 ஆம் நாள்களில் திரும்பப் போட வேண்டும். ஆழமான கடி என்றால் புண்ணைச் சுற்றி வேறொரு மருந்தும் செலுத்துவார்கள். நாயை அடையாளம் கண்டு பத்து நாள் தனியாக வைத்துப் பார்க்கும் பொறுப்பைக் காப்பகம் எடுத்துக்கொண்டது. வெறி உள்ள நாய் அந்தப் பத்து நாளைத் தாண்டாது. அதற்காகப் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருக்கவே கூடாது என்பதைத் தாத்தாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்கள். வெறிநோய் வெளிப்பட்டுவிட்டால் காப்பாற்ற வழியில்லை. ஒரு நாய்க் காப்பகம் மனிதக் குழந்தையின் உயிருக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

நாய்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய் எங்காவது அடைக்கச் சொல்லி காப்பகத்துக்குத் தினமும் போன் வருகிறது. அந்தக் கோபத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதிகாலையில் பூக்கட்டப் போகிற பெண்களும் பேப்பர் போடுகிற பிள்ளைகளும் பயந்துதான் தெருவைக் கடக்கிறார்கள். ஆனால் 2023 ஆம் ஆண்டின் விலங்குகள் கருத்தடை விதிகள் சொல்வது வேறு. பிடித்த நாய்க்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். இடம் காலியானால் அங்கே கிடைக்கும் சோற்றுக்கும் குப்பைக்கும் வேறு நாய்கள் வந்து சேரும், அவை ஊசி போடாத நாய்களாக இருக்கும். பத்தில் ஏழு நாய்க்காவது தடுப்பூசி போட்டிருந்தால்தான் வெறிநோய் பரவுவது நிற்கும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. சென்னையின் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு இந்த வழியை 1964 இலேயே ஆரம்பித்தது, சென்னை மாநகராட்சி 1996 இல்தான் ஏற்றுக்கொண்டது. 2025 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் டெல்லி நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்க உத்தரவிட்டு, பதினோரே நாளில் அதை மாற்றி, வெறி பிடித்தவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றை ஊசி போட்டுப் பழைய இடத்தில் விடச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடிக்கும் நாய்களை மட்டும் அங்கே திரும்ப விடக் கூடாது என்றது.

மதுரை மாநகராட்சிக்கு 100 வார்டுகள். கருத்தடை மையங்கள் வெள்ளக்கல்லிலும் செல்லூரிலும் இருக்கின்றன. நான் போன காப்பகம் கருத்தடை செய்வதில்லை. ஆனால் எந்தத் தெருவில் எந்த நாய்க்குக் காது நுனியில் கருத்தடை செய்த அடையாளமான வெட்டு இல்லை என்று பார்த்து வைப்பதும், பயந்து ஓடும் நாயைச் சோறு வைத்துப் பழக்கி, வலை இல்லாமல் வண்டியில் ஏற்றுவதும் காப்பகத்தில் வேலை செய்யும் பிள்ளைகள்தான். திரும்பி வந்த நாயைத் தெருவில் சேர்ப்பதற்கும் ஆள் வேண்டும். கருப்பியைக் கொண்டுவந்து விட்டபோது கூடவே வந்த பெண், எதிர் வீட்டுக்காரரிடம் நின்று நிதானமாகப் பேசினார். நாய் வேண்டவே வேண்டாம் என்றவர் கடைசியில், சோற்றை என் வாசலில் வைக்காமல் தெருமுனையில் வைத்தால் சரி என்றார். இப்போது அங்கேதான் வைக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. ராத்திரி போனை எடுக்க ஆளில்லை. பார்வோ என்ற வைரஸ் நோய் கண்ட குட்டிகளை வைக்கும் அறை மற்றக் குட்டிகள் இருக்கும் இடத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. அந்த நோய் செருப்பில் ஒட்டிக்கொண்டுகூடப் போய்விடும். சுவர் எழுப்பப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். கோடையில் தண்ணீர் லாரிக்கே பாதிப் பணம் போய்விடுகிறது என்றார்கள்.

என்னை அதிகம் பாதித்தது பின்பக்க வரிசை. அங்கே தெருநாய் ஒன்றுகூட இல்லை. லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், மதுரை வெயிலில் நனைந்த சாக்கின் மேல் படுத்து மூச்சு வாங்கும் ஒரு ஹஸ்கி. எல்லாம் வீட்டில் வளர்ந்தவை. கருப்பியோடு வந்த அதே பெண் ஒவ்வொன்றின் கதையாகச் சொன்னார். மகன் அமெரிக்காவில், தனியாக இருக்கும் பெற்றோருக்குத் துணையாக இருக்கட்டும் என்று குட்டி வாங்கிக் கொடுத்தார். அப்பா தவறிவிட்டார், அம்மாவை மகன் கூட்டிக்கொண்டு போய்விட்டார், வீட்டைப் பூட்டியாயிற்று. இன்னொன்று துபாய். இன்னொன்று எங்கள் சிங்கப்பூர். லாப்ரடாருக்கு ஒன்பது வயது, இடுப்பு தேய்ந்து எழுந்திருக்கச் சிரமப்பட்டது. வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டால் மட்டும் எப்படியோ எழுந்து கம்பி வரை வந்து நிற்கும். வந்தது தனக்கு வேண்டியவர் இல்லை என்று தெரிந்ததும் போய்ப் படுத்துக்கொள்ளும்.

"தெருநாயி குணமாச்சுன்னா அதோட தெருவுக்குப் போயிரும்க்கா. இதுங்களுக்குத்தான் போறதுக்கு எடமில்ல" என்றார்.

வெளிநாட்டில் இருக்கும் நமக்கு நான் சொல்ல வந்தது இதுதான். அப்பா அம்மாவின் தனிமைக்கு மருந்தாக ஜாதி நாய்க்குட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறாதீர்கள். எழுபது வயதில் ஒருவரால் துள்ளுகிற லாப்ரடார் குட்டியைக் கயிற்றில் பிடிக்க முடியாது. அந்த நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும், அதற்குள் பெற்றோருக்கு என்ன ஆகும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். துணை வேண்டும் என்றால், ஓடி அடங்கிய நாலைந்து வயது நாட்டு நாயைக் காப்பகத்தில் கேளுங்கள். வெயிலும் மோர்ச்சோறும் அதற்குப் பழக்கம். தத்துக் கொடுப்பதற்கு முன் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். நீங்கள் இல்லாதபோது யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டு, அந்த ஆளிடமும் கையெழுத்து வாங்குவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பதிக்கு இதில் கோபம் வந்துவிட்டது. அந்தக் கேள்வி நியாயமானது என்றுதான் நான் நினைக்கிறேன்.

கூடவே கொண்டுபோய்விடலாம் என்பதும் லேசில்லை. சிங்கப்பூருக்கென்றால் மைக்ரோசிப், தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, அப்புறம் நாயைத் தனிமைப்படுத்தி வைப்பது என்று மாதக் கணக்கில் போகும். சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடி வீடான வீவக வீட்டில் எல்லா நாயையும் வைத்துக்கொள்ளவும் முடியாது. பூனைக்கே 2024 செப்டம்பரில்தான் அனுமதி வந்தது.

பணம் அனுப்ப நினைக்கிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் கொடுப்பது, இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புகள் மட்டுமே அதை வாங்கலாம். இந்தக் காப்பகத்துக்கு இரண்டும் இல்லை. என் கணவர் சிங்கப்பூர்க் குடிமகன், அவர் நீட்டிய பணத்தை வாங்கவில்லை. என்னிடம் பாஸ்போர்ட் நகல் வாங்கிக்கொண்டு ரசீது எழுதினார்கள்.

நேரில் போகிறவர்கள் பழைய பெட்ஷீட், சாக்கு, செய்தித்தாள் கொண்டுபோகலாம், எவ்வளவு கொடுத்தாலும் தீர்ந்துவிடும். காலையில் கட்டு மாற்றுகிற வேலை நடக்கும், யாரும் நின்று பேச முடியாது. மூன்று மணிக்கு மேல் போங்கள், போன் செய்துவிட்டுப் போங்கள். குட்டிகளைத் தொட்ட கையோடு அடுத்த கூண்டுக்குப் போகாமல், வாசலில் இருக்கும் வாளித் தண்ணீரில் கையையும் செருப்பையும் கழுவிக்கொள்ளுங்கள்.