கொடைக்கானல் ஏரிக்கரையில்: கறுப்பு ஃபில்டரா, படங்களை அடுக்குவதா, அந்தி வெளிச்சமா?

அருவியிலும் கடலிலும் லாங் எக்ஸ்போஷர் (கேமராவின் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்து எடுக்கும் படம்) எடுத்துப் பழகியவர்கள் ஏரிக்கரைக்கு வந்தால் கொஞ்சம் திணறுவார்கள். அருவித் தண்ணீர் தானாக விழுகிறது. அரை நொடி ஷட்டரைத் திறந்து வைத்தாலே பட்டுநூல் மாதிரி வந்துவிடும். ஏரிக்கு அந்த ஓட்டம் கிடையாது. காற்றடித்தால் சிற்றலை, நின்றால் கண்ணாடி. அதனால் இங்கே லாங் எக்ஸ்போஷருக்கு வேலையே வேறு: காற்று கலைத்துப்போட்ட பிம்பத்தைத் திரும்பக் கூட்டிச் சேர்ப்பது. காற்றே இல்லாத காலையில் அதற்கும் அவசியமில்லை. சாதாரணமாக ஒன்று எடுத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

கொடைக்கானல் ஏரி, மதுரை கலெக்டர் வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் உருவாக்கியது. சுமார் 60 ஏக்கர், நட்சத்திர வடிவம். ஒரு கையில் காற்று அலைக்கழிக்கும்போது இன்னொரு கை அசையாமல் கிடக்கும். கறுப்பு ஃபில்டர், படங்களை அடுக்குவது, அந்தி வெளிச்சம் என்ற மூன்று வழிகளையும் ஒரே நாளில் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

முதலில் எல்லாரும் வாங்குவது பத்து ஸ்டாப் என்.டி. ஃபில்டர் என்ற கறுப்புக் கண்ணாடி. லென்ஸுக்குப் போடும் கூலிங் கிளாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும், பத்தும் சேர்ந்தால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் உள்ளே விடும். 1/30 நொடி தேவைப்படும் காட்சிக்கு 34 நொடி ஆகும். நட்டநடுப் பகலிலும் மேகம் கோடு கோடாக நீளும். அந்த அழகு வேறு எதிலும் இவ்வளவு சுத்தமாக வராது.

ஆனால் தொல்லையும் அதிகம். ஃபில்டரை மாட்டிய பிறகு பெரும்பாலும் ஃபோகஸ் பிடிக்காது. முன்னாடியே பிடித்து மேனுவலுக்கு மாற்றிவிட வேண்டும். பல கேமராக்களில் 30 நொடிக்கு மேல் போக பல்ப் மோடும் (வேண்டிய நேரம்வரை ஷட்டரைத் திறந்து வைப்பது) ரிமோட்டும் வேண்டும். நாய்ஸ் ரிடக்‌ஷன் (படத்தில் விழும் புள்ளிகளைக் குறைக்கும் வசதி) ஆனில் இருந்தால் இரண்டு நிமிடப் படத்துக்கு இன்னும் இரண்டு நிமிடம் கேமரா சும்மா உட்கார்ந்திருக்கும், அதற்குள் மூடுபனி போய்விடும். விலை குறைவு என்று ஆன்லைனில் நான் வாங்கிய முதல் ஃபில்டர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை மட்டும் தாராளமாக உள்ளே விட்டது. கரையோர மரங்களெல்லாம் வெற்றிலைச் சாறு துப்பின மாதிரி சிவந்து நின்றன. நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை எப்படித் திருப்பினாலும் பச்சை திரும்பவில்லை.

இரண்டாவது வழிக்குச் செலவே இல்லை. ஃபில்டர் இல்லாமல், ட்ரைபாடை அசைக்காமல், குறித்த இடைவெளியில் தானாகக் கிளிக் செய்யும் இன்டர்வல் டைமரில் அறுபது படம் எடுத்து, ஃபோட்டோஷாப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ‘மீன்’ (Mean, சராசரி) போட்டால் சராசரிப் படம் கிடைக்கும். சிற்றலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, தண்ணீர் வழுவழுப்பாகிவிடும். நாய்ஸும் குறையும், 16 படம் அடுக்கினாலே கால்வாசிதான் மிஞ்சும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் படகு. கரையில் கட்டிப்போட்ட படகு சும்மா இருக்காது, ஆடிக்கொண்டே இருக்கும். ஃபில்டரில் எடுத்தால் அதன் மூக்கு இரண்டு மூன்றாகத் தெரியும். அடுக்கினால், கூர்மையாக விழுந்த ஒரே ஒரு படத்திலிருந்து படகை மட்டும் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். மரப்பலகைத் துறையில் நிற்கும்போது யாராவது நடந்து போனால் மொத்தப் பலகையும் குலுங்கும். ஃபில்டர்காரருக்கு இரண்டு நிமிடமும் வீண். அடுக்குபவர் ஆடிப்போன நாலு படத்தைத் தூக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

தோற்பது மேகத்தில். படத்துக்குப் படம் இடைவெளி விழுவதால் மேகம் வழுக்கிப் போகாமல் படிக்கட்டு மாதிரி விட்டுவிட்டு நிற்கும். அப்புறம் அறுபது ரா ஃபைல் (கேமரா பதிந்த மூலக் கோப்பு) என்றால் ஒன்றரை ஜிபி சர்வசாதாரணம். என் பழைய லேப்டாப் ஒரு படம் முடிக்க எடுக்கும் நேரத்தில் ஏரியையே சைக்கிளில் சுற்றி வந்துவிடலாம், ஐந்து கிலோமீட்டர்தான்.

இந்த அடுக்கலை உள்ளேயே செய்துவிடும் கேமராக்களும் உண்டு. 2022இல் வந்த ஓஎம்-1 கேமராவில் லைவ் என்.டி. என்ற அந்த வசதி ஆறு ஸ்டாப் வரை போகும். வசதிதான், ஆனால் அதற்காகக் கேமராவையே மாற்றச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, காத்திருப்பது. சூரியன் மறைந்த பிறகு ஐஎஸ்ஓ 100 (குறைந்த ஒளியுணர்வு), எஃப்11 (சிறிய லென்ஸ் திறப்பு) வைத்தால் ஷட்டர் தானாகவே சில நொடிகளுக்குப் போய்விடும். ஏரித் தண்ணீருக்கு எட்டுப் பத்து நொடி போதும் என்பது என் அனுபவம். அதற்கு மேல் மாறுவது மேகம் மட்டும்தான். சிக்கல் நேரம். கொடைக்கானல் பூமத்திய ரேகையிலிருந்து பத்து டிகிரிதான் தள்ளி இருக்கிறது, சூரியன் கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்கும். நல்ல அந்தி வெளிச்சம் இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூட இருந்தால் அதிகம். வெளிநாட்டு வீடியோக்களில் ஒரு மணி நேரம் நிதானமாக இடம் மாறி மாறி எடுக்கிறார்களே, அது இங்கே நடக்காது.

எனவே என் ஓட்டு அந்திக்கு, கூடவே ஆறு ஸ்டாப் ஃபில்டர் ஒன்று. அரை நொடி 32 நொடியாகும். சூரியன் மறையும் முன்பே ஆரம்பித்துவிடலாம், இருட்ட இருட்டக் கழற்றிவிடலாம். கேமராவே புதிது என்றால் காசு செலவழிக்காமல் அடுக்கலில் தொடங்குங்கள். பத்து ஸ்டாப் எனக்குப் பெரிய மேகம் ஓடும் நாளுக்கு மட்டும்.

போன முறை 32 நொடி ஓடிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் சோளம் சுட்டுக்கொண்டிருந்த அண்ணன் எட்டிப் பார்த்து, “என்ன தம்பி, ஃபோட்டோ இன்னும் வரலையா?” என்றார். “இருங்கண்ணே, வந்துட்டே இருக்கு” என்றேன். அவர் ஒரு சோளத்தைத் திருப்பிப் போட்டு முடிப்பதற்குள் திரை ஒளிர்ந்தது.