பாரம்பரிய வைத்தியரும் போதை மீட்பு மருந்தும்: மூன்று ஏற்பாடுகள், ஓர் உரைகல்

அமெரிக்கப் பூர்வகுடி ஊர்களில் போதை மீட்பு மையம் நடத்துகிறவர்கள், பாரம்பரிய வைத்தியருக்கு அதில் என்ன இடம் என்பதை இப்போது முடிவு செய்தாக வேண்டும். அரிசோனா, கலிஃபோர்னியா, நியூ மெக்சிகோ, ஓரிகன் ஆகிய நான்கு மாநிலங்களில் இந்தச் சேவைக்கு, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டிலிருந்து கட்டணம் தர 2024 அக்டோபரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்துவிட்டது.

மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. வெளியில் இருக்கும் வைத்தியரிடம் அனுப்புவது ஒன்று. வழக்கமான கவுன்சலிங்குக்குள் பண்பாட்டைக் கொண்டுவருவது இன்னொன்று. வைத்தியரையே மருத்துவமனை ஊழியராக அமர்த்துவது மூன்றாவது. மூன்றையும் ஒரே கேள்வியில் உரசிப் பார்க்கலாம்: ஹெராயின் போன்ற போதையின் ஆசையை அடக்கும் பியூப்ரெனார்ஃபின் மருந்தைத் தினமும் எடுக்கும் ஒருவர் சடங்குக்குப் போக விரும்பினால் என்ன நடக்கிறது?

காரணம் இருக்கிறது. சடங்குக்கு முன் நான்கு நாளாவது மதுவும் போதையும் தொடக்கூடாது என்பது பல இடங்களில் வழக்கம். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தும் அந்தக் கணக்கில் சேருமா என்பது நடத்துபவரைப் பொறுத்தது. யாரும் பேசி வைக்காவிட்டால் நோயாளி தானாகவே மருந்தை நிறுத்திவிடுவார். ஹெராயின், அதைவிட வீரியமான ஃபென்டனில் ஆகியவற்றின் ஆசைக்கு அந்த மருந்து போட்டிருந்த தடுப்பு விலகிவிடும். உடலின் தாங்கும் திறனும் இறங்கத் தொடங்கும். திரும்பி வந்து பழைய அளவில் ஃபென்டனில் எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம்.

வெளியே அனுப்பும் முறை

அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் நவாஹோ மக்களிடையே இதற்குப் பழக்கம் அதிகம். சில மருத்துவமனை வளாகங்களிலேயே ஹோகன் எனும் மரபுவழிக் குடில் கட்டியிருக்கிறார்கள். சடங்கு சிதையாமல் முழுமையாக நடப்பதுதான் இந்த முறையின் பெரிய பலம். ஹத்தாலி எனப்படும் சடங்குப் பாடகர் ஒரு சடங்கைக் கற்கவே பல ஆண்டு எடுத்துக்கொள்வார். அதை நாற்பத்தைந்து நிமிட அப்பாயின்ட்மென்டாக நறுக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

சிக்கல் நாட்காட்டியில் தொடங்குகிறது. ஒன்பது இரவு நடக்கும் ‘இரவு வழி’ எனும் சடங்கு குளிர்காலத்துக்கு மட்டும் உரியது. போரிலிருந்து திரும்பியவர்களுக்காக நடக்கும் ‘எதிரி வழி’ கோடைக்கு உரியது. ஜூலையில் முப்பது நாள் சிகிச்சை முடித்து வெளியே வருபவர் இரவு வழிக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் அவரைத் தாங்க யார் என்பதைத் திட்டத்திலேயே எழுதாத மையங்கள் அவரை இழக்கின்றன. செலவும் உண்டு: ஆடு, விறகு, வருபவர்களுக்குச் சாப்பாடு, ஹத்தாலிக்குக் காணிக்கை எல்லாம் குடும்பத்தின் தலையில்.

நம் உரைகல்லில் இந்த முறை பெரும்பாலும் தோற்கிறது. போதை சிகிச்சைப் பதிவுகளுக்கு அமெரிக்காவில் தனிச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. நோயாளி எழுத்தில் சம்மதிக்காமல் மையம் வெளியாளிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. வந்தவர் மருந்தில் இருக்கிறார் என்பதே வைத்தியருக்குத் தெரியாமல் போகும்.

கவுன்சலிங்குக்குள் பண்பாடு

தொடங்குவதற்கு எளிது, செலவும் குறைவு. மோஹிகன் இனத்தைச் சேர்ந்த டான் கோயிஸ் 1988-ல் நிறுவிய ‘வெள்ளைக் காட்டெருமை’ அமைப்பு, குடியை விடுவோர் குழுக்களின் பன்னிரண்டு படி முறையை, நான்கு திசை கொண்ட பூர்வகுடிச் சின்னமான மருந்துச் சக்கரத்தில் பொருத்தித் தந்தது. வட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்கள், இருக்கும் கவுன்சலரே நடத்தலாம், கட்டிடம் தேவையில்லை. மருந்து எடுப்பவர் என்று வாசலில் யாரும் தடுப்பதும் குறைவு.

ஆனால் கூட்டாட்சி அரசு அங்கீகரித்த பழங்குடி நாடுகள் மட்டும் 570-க்கு மேல். மருந்துச் சக்கரமும், சுடுகல் வெக்கையில் உட்கார்ந்து வியர்க்கும் சடங்கான வியர்வைக் குடிலும் எல்லோருடையதும் அல்ல. அலாஸ்காவின் யூபிக் இளைஞருக்கு அவை வெளியூர்ச் சரக்குதான். அங்கே இளைஞர்களின் குடியையும் தற்கொலையையும் தடுக்க எழுந்த ‘குங்காஸ்விக்’ திட்டம், பெரியவர்களோடு சேர்ந்து செய்யும் வேட்டை போன்ற வாழ்வாதார வேலைகளையே பாடமாக வைத்துக்கொண்டது. அந்த மண்ணிலிருந்து எடுக்காத பண்பாடு சுவரில் ஒட்டிய படமாகவே நிற்கும்.

சிகிச்சையை ஒரேயடியாக முகாமாக மாற்றிய முயற்சியும் உண்டு. மொன்டானாவின் பிளாக்ஃபீட் மக்களிடையே 2012 கோடையில், உளவியலாளர் ஜோசப் கோனின் ஒத்துழைப்போடு பன்னிரண்டு நாள் பண்பாட்டு முகாம் நடந்தது. பங்கேற்றவர்கள் நால்வர். இந்த அளவை வைத்துப் பலன் பேச முடியாது. நடத்த முடியும் என்பது தெரிந்தது.

ஒரே கூரையின் கீழ்

அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் 1982-ல் தொடங்கிய சவுத்சென்ட்ரல் ஃபவுண்டேஷனை அலாஸ்கப் பூர்வகுடிகளே நடத்துகிறார்கள். குடும்ப மருத்துவர், மனநல ஆலோசகர், பாரம்பரிய வைத்தியர் மூவரும் அங்கே ஒரே அமைப்பில் இருக்கிறார்கள். கையால் செய்யும் சிகிச்சை, பிரார்த்தனை, பாட்டு, பேச்சு என்று பாரம்பரியப் பிரிவின் சேவைகள் விரிகின்றன.

எங்கள் தேர்வு இதுதான். மருந்து பற்றிய பேச்சு சடங்குக்கு முன்பே, மருத்துவருக்கும் பாரம்பரிய வைத்தியருக்கும் நடுவில் நடக்கக்கூடிய இடம் இது. ஒரு வழியைச் சொல்லலாம். மாதம் ஒருமுறை தோலுக்கடியில் போடும் பியூப்ரெனார்ஃபின் ஊசி இருக்கிறது. சடங்குக்கு முன் அதைப் போட்டுக்கொண்டால், சடங்கு நாட்களில் வாயில் எதையும் வைக்க வேண்டியதில்லை. ஆனால் மருந்து உடலில் இருக்கிறது என்பதை மறைக்கக்கூடாது. சடங்கு நடத்துபவர் அறிந்து ஒப்புக்கொண்ட பிறகே இது செல்லும்.

குடிநோயாளிக்கு அந்த நான்கு நாள் விதியே ஆபத்தாகலாம். கடுமையாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். உளறல், காய்ச்சல், நடுக்கம் சேர்ந்த உயிராபத்தான நிலை பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் வரும். விதியை மதித்து வீட்டிலேயே நிறுத்திவிட்டு, நான்காம் நாள் சுடுகல் வெக்கைக்குள் நுழைபவர் சரியாக அந்த நேரத்தில் நுழைகிறார். மருத்துவக் கண்காணிப்பில் குடியை நிறுத்தும் டிடாக்ஸ் முடியும்வரை அவருக்கு வியர்வைக் குடில் வேண்டாம். பாட்டும் பிரார்த்தனையும் தடையில்லை. லித்தியம் எடுப்பவருக்கு வியர்த்து நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். மனநோய் மருந்துகள் சில உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்வதைத் தடுக்கும். வலிக்காகத் தோலில் ஃபென்டனில் மருந்துப் பட்டை ஒட்டியவருக்குச் சூடு பட்டால் மருந்து வேகமாக இறங்கும். 2009-ல் அரிசோனாவின் செடோனாவில் பூர்வகுடி அல்லாத ஒருவர் கூட்டம் சேர்த்து நடத்திய வியர்வைக் குடிலில் மூவர் இறந்தார்கள்.

குறை இல்லாமல் இல்லை. மூலிகைப் புகை போட்டால் தீ அலாரம் அடிக்கும். தனி வெளியேற்றி வைத்த அறை, ஆக்ஸிஜன் சிலிண்டர்களிலிருந்து தள்ளி, வேண்டும். நேரக்கணக்கும் படிவமும் வைத்தியரை அலுவலக ஊழியராக்கிவிடும். யார் வைத்தியர் என்று தீர்மானிப்பது மாநில அரசின் வேலையாகக்கூடாது. புதிய மெடிக்கெய்ட் ஏற்பாட்டில் அந்தப் பொறுப்பு பூர்வகுடி மருத்துவ நிலையங்களிடம் விடப்பட்டிருப்பது நல்லது. அவற்றின் வழியாக மட்டுமே கட்டணம் என்பதும் நல்லதே: பூர்வகுடிகளைக் குறிவைத்துப் போலி மறுவாழ்வு இல்லங்கள் அரசுப் பணத்தைச் சுருட்டியது 2023-ல் அரிசோனாவில் அம்பலமானது.

வைத்தியரை வேலைக்கு அமர்த்த வசதியில்லாத சின்ன மையம் முதல் முறையோடுதான் வாழ வேண்டும். அப்படியென்றால் அனுப்புவதற்கு முன் நான்கு காரியம் எழுத்தில் முடியட்டும்: நோயாளியின் சம்மதப் படிவம், எடுக்கும் மருந்துகளின் பட்டியலும் கடைசியாகக் குடித்த நாளும், ஆம்புலன்ஸை யார் அழைப்பது என்ற பெயர், சடங்கு நடக்கும் இடத்தில், ஃபென்டனில் போன்ற போதை அளவு மீறினால் அதை முறிக்கும் நலோக்ஸோன் மூக்கு ஸ்பிரேயும் அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவரும். திரும்பி வந்ததும் பதிவேட்டில் தேதி, இடம், நேரம், வைத்தியர் பெயர் போதும். பாட்டின் சொற்களும் மூலிகையின் பெயரும் அங்கே ஏறக்கூடாது; அவை மையத்தின் சொத்தல்ல.