பால் கணக்குக் குறுஞ்செய்தி: மோடமும் கேட்வேயும்

எங்கள் ஊரை ஒட்டிய சிறிய பால் கொள்முதல் மையம் ஒன்றுக்கு 2014-இல் கணக்கு மென்பொருள் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். உறுப்பினர்கள் 118 பேர். அன்று ஊற்றிய பால் எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, தொகை எவ்வளவு என்பதை அவரவர் கைப்பேசிக்கு அனுப்புவதும், அவர்கள் அனுப்பும் குறுஞ்செய்தியைப் படித்துப் பதில் தருவதும் அதன் வேலைகளில் சேர்ந்திருந்தன. கணக்குப் பகுதியை எழுதிய பிறகு அதிகம் தொட நேரவில்லை. குறுஞ்செய்திப் பகுதியோ இன்றுவரை என்னை விடவில்லை.

தொடக்கத்தில், கணினியைக் கைப்பேசி வலைப்பின்னலோடு இணைக்கும் யூஎஸ்பி மோடம் ஒன்றில் சிம் அட்டையைப் போட்டு, லினக்ஸ் கணினியில் செருகி, ‘கம்மு’ என்னும் திறமூல மென்பொருளின் துணையோடு அனுப்பினோம். அது பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். நம் நிரல் தரவுத்தளத்தின் வெளிச்செல் அட்டவணையில் ஒரு வரியை எழுதினால், கம்மு அதை எடுத்து, மோடத்துக்குப் புரியும் ஏடி கட்டளைகளாக்கி அதனிடம் கொடுக்கும். வந்த செய்திகளை உள்வரும் அட்டவணையில் வைக்கும். பெயருக்கேற்ப அது கம்மென்றுதான் வேலை செய்தது. லினக்ஸில் மோடங்களைக் கவனிக்கும் மோடம்மேனேஜர் சேவை, மோடம் செருகிய அதே துறையைப் (போர்ட்) பிடித்துக்கொண்டு விடாததால் முதல் வாரம் வீணாயிற்று. அந்தச் சேவையை நிறுத்தியதும் தீர்ந்தது.

ஒரு செய்தி போவதற்கு ஏறத்தாழ 6 நொடி ஆயிற்று. 118 பேருக்கும் போய் முடிய 12 நிமிடம். ஒரு சிம்மிலிருந்து நாளொன்றுக்கு 100-ஐத் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் 50 காசு என்ற விதி அப்போது நடப்பில் இருந்ததால், காலைக்கும் மாலைக்கும் தனித்தனியாக அனுப்பும் எண்ணத்தைக் கைவிட்டு, இரவில் ஒரே செய்தியாகச் சுருக்கினோம்.

சுருக்கியதில்தான் தமிழ் குறுக்கே வந்தது. குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவு 140 பைட், அதாவது 1,120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்து அடங்கும். தமிழுக்கு 16 பிட் வேண்டும் என்பதால் 70 மட்டுமே. அந்த 70-உம் நாம் எண்ணும் எழுத்துகள் அல்ல. ‘கொழுப்பு’ என்பது நமக்கு 4 எழுத்து. எழுத்தோடு சேரும் உயிர்க்குறியும் புள்ளியும் தனிக் குறிகளாக எண்ணப்படுவதால் இயந்திரத்துக்கு அது 8. ‘காலை 6.5 லி, கொழுப்பு 4.2, தொகை ரூ.227.50’ என்றால் 41. அதோடு மாலைக் கணக்கும் உறுப்பினர் பெயரும் சேர்ந்தால் 70-ஐத் தாண்டிவிடும். தாண்டிய செய்தி துண்டுகளாகப் பிரியும். எந்தத் துண்டு எதற்குப் பின் என்னும் குறிப்புக்கு இடம் விட வேண்டியிருப்பதால் துண்டுக்கு 67 தான். ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம். ஆங்கிலத்தில் அனுப்பலாமே என்றார்கள். படிக்க வேண்டியவர்கள் யார் என்று கேட்டேன். பேச்சு அங்கேயே நின்றது.

செய்தி பெறுவதில் மோடத்தின் குறை வேறு. சிம்மின் நினைவகம் நிரம்பிவிட்டால் புதிய செய்தி உள்ளே வராது. வலைப்பின்னலின் செய்தி மையத்தில் காத்திருக்கும், கெடு தீர்ந்தால் அங்கேயே அழிந்துவிடும். படித்தவுடன் அழிக்கும்படி அமைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. ‘1’ என்று அனுப்பினால் அந்தத் தவணைப் பட்டுவாடாவுக்கான மொத்தத் தொகை பதிலாகப் போகும். அதற்காக மட்டும் கொடுத்த எண்ணுக்கு, ‘மாடு கன்னு போட்டிருச்சு, பத்து நாள் பால் வராது’ என்றெல்லாம் செய்திகள் வரத் தொடங்கின. நிரலுக்கு அவை புரியாது. புரியாதவற்றைத் தனிப்பக்கத்தில் அச்சிட்டுச் செயலர் மேசையில் வைக்கும்படி செய்தேன். என் மென்பொருளில் மையத்தினர் மிகுதியாகப் பயன்படுத்திய பகுதி அதுதான் என்று நினைக்கிறேன்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டுவந்த விதிமுறைகளுக்குப் பிறகு, சாதாரண சிம்மிலிருந்து இப்படி மொத்தமாக அனுப்புவது ஏற்புடையதாக இல்லை. 2020-இன் இறுதியில், நம் செய்திகளை இணையம் வழியே வாங்கிக் கைப்பேசி வலைப்பின்னலுக்கு அனுப்பித்தரும் கேட்வே நிறுவனம் ஒன்றிடம் மாறினோம். அனுப்புபவரின் பெயர், எண்ணுக்குப் பதிலாகக் கைப்பேசியில் தோன்றும் 6 எழுத்து ஹெடர், செய்தியின் வாசக மாதிரியான டெம்ப்ளேட் எல்லாவற்றையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பதிவுத் தளமான டிஎல்டியில் பதிந்து ஒப்புதல் பெற வேண்டும். டெம்ப்ளேட்டில் மாறக்கூடிய இடம் ஒவ்வொன்றுக்கும் 30 எழுத்து எல்லை அப்போது இருந்தது. பதிந்த டெம்ப்ளேட்டோடு ஒத்துப்பார்க்கும் முறை 2021 மார்ச் 8 அன்று நடைமுறைக்கு வந்தபோது வங்கிகளின் ஓடிபி கூடப் போய்ச் சேராமல் தவித்ததும், டிராய் அதை 7 நாள் நிறுத்திவைத்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

எங்களுக்கு அடி பிறகுதான் விழுந்தது. ஒருமுறை மூன்று நாளாக யாருக்கும் செய்தி போகவில்லை. கேட்வேயோ ஒவ்வொரு கோரிக்கைக்கும் வெற்றி என்றே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ‘வெற்றி’க்குப் பொருள் ‘வாங்கிக்கொண்டேன்’ என்பதுதான். செய்தி கைப்பேசியைச் சேர்ந்ததா என்பது பின்னர்த் தனியாக வரும் விநியோக அறிக்கையில் இருக்கும். அதை நான் சேமிக்கவே இல்லை, என் தவறு. காரணம் சிரிப்பை வரவழைத்தது: வாசகத்தைப் புதிதாகத் தட்டச்சு செய்த கணினி ‘கொ’வின் குறியை ஒரே குறியீடாக எழுதாமல், கொம்பும் காலுமாக இரண்டாக எழுதியிருந்தது. கண்ணுக்கு ஒன்று, ஒப்பிடும் இயந்திரத்துக்கு வேறு. இப்போது அனுப்புமுன் யூனிகோடு வடிவத்தைச் சீராக்குகிறேன். அறிக்கை வராத செய்திகளை இரவு 9 மணிக்குப் பட்டியலிடுகிறேன்.

வேகத்தில் குறை சொல்ல முடியாது. 118 செய்தியும் சில நொடிகளில் போய்விடுகின்றன. ஆனால் எழுத்துகளாலான ஹெடருக்கு யாரும் பதில் அனுப்ப முடியாது. மாறிய முதல் மாதம் செயலர் மேசையில் அந்தத் தனிப்பக்கம் வெறுமையாக இருந்தது. பதில் பெறுவதற்கென்றே வாடகை எண் தருகிறார்கள். மையத்தின் வரவுக்கு அது கட்டுப்படியாகவில்லை. எனவே பழைய மோடத்தை மீண்டும் செருகினேன். அனுப்புவது கேட்வே, பெறுவது மோடம். ‘1’ என்று கேட்பவருக்குப் பதில் கேட்வே வழியாகவே போகிறது. செய்தியின் கடைசியில் மோடத்தின் எண்ணைச் சேர்க்க டெம்ப்ளேட்டை மறுபடி பதிய வேண்டியிருந்தது.

பெறுவதற்கு மட்டுமே என்றாலும் சிம் உயிரோடிருக்க ரீசார்ஜ் செய்தாக வேண்டும். எங்களுடையது 3ஜி மோடம்; 2ஜியும் 3ஜியும் தராத நிறுவனத்தின் சிம் அதில் வேலை செய்யாது. எண்ணை மாற்றாமல் 4ஜி மோடம் ஒன்றுக்குப் போவதுதான் இந்த ஆண்டு மிச்சமிருக்கும் வேலை.