‘ஒரிஜினல்தான்க்கா, லைஃப் டைம்’: பழைய லேப்டாப் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பது என் தொழில். மளிகை, ஹார்டுவேர், பாத்திரக்கடை என்று 14 பேர். அவர்களுடைய போர்ட்டல் பாஸ்வேர்டு எல்லாம் என் லேப்டாப்பில்தான் இருக்கிறது. எனக்கு நடந்ததை வெளியே சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது அதனால்தான்.

பிப்ரவரி முதல் வாரத்தில் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் பழைய லேப்டாப் வாங்கினேன். எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 21,000 ரூபாய். ஏதோ கம்பெனியில் ஓடி வந்த மெஷின். “விண்டோஸ், ஆபீஸ் எல்லாம் ஒரிஜினலா தம்பி?” என்று கேட்டேன். “ஒரிஜினல்தான்க்கா, லைஃப் டைம்” என்றவர், செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தே காட்டினார். ‘ஆக்டிவ்’ என்று பச்சை டிக் இருந்தது. அதற்குக் கீழே இருந்த வரியை நான் படிக்கவில்லை.

ஆகஸ்ட் 10 இரவு. மறுநாள் ஜிஎஸ்டிஆர்-1க்கு, அதாவது மாத விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்ய, கடைசி நாள். எக்செலைத் திறந்தால் மேலே சிவப்புப் பட்டை, லைசென்ஸ் இல்லை என்கிறது. திரையின் வலது மூலையில் ‘விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும்’ என்று மங்கலாக எழுத்து. கடைக்குப் போன் செய்தேன். “ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு எனிடெஸ்க் நம்பர் குடுங்கக்கா, ரெண்டே நிமிஷம்” என்றார். தூரத்திலிருந்தே நம் மெஷினுக்குள் வந்து வேலை செய்ய விடும் ஆப் அது. கொடுக்கத்தான் இருந்தேன். பக்கத்தில் இருந்த என் அக்கா மகன் கையைப் பிடித்துவிட்டான். “சித்தி, உள்ள விடாதீங்க. முதல்ல நான் பாக்கறேன்.”

ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தேடிக் கறுப்புத் திரையைத் திறந்து எஸ், எல், எம், ஜி, ஆர் என்று ஆங்கிலத்தில் சேர்த்து அடித்தான். ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு, டி, எல், ஐ. வந்த சின்னப் பெட்டியில் ‘எண்டர்பிரைஸ்’ என்றும் ‘வால்யூம் கேஎம்எஸ் கிளையண்ட்’ என்றும் இருந்தது. எண்டர்பிரைஸ் நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கும் பதிப்பு. மெஷினை விற்றால் அந்த லைசென்ஸ் கூடவே வராது. கேஎம்எஸ் என்பது நிறுவனத்தின் சர்வரிடம் அவ்வப்போது அனுமதி வாங்குவது. ஒரு தடவை வாங்கினால் 180 நாள் செல்லும். கடையில் போலி சர்வர் ஒன்றை ஓட்டி அனுமதி வாங்கியிருக்கிறார்கள். அவர் சொன்ன லைஃப் டைம் அந்த 180 நாள்தான். அன்று நான் படிக்காமல் விட்ட வரி, ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம்’ என்பதாகத்தான் இருந்திருக்கும்.

இதைவிட மோசமானது அடுத்து வந்தது. விண்டோஸ் செக்யூரிட்டியில், வைரஸ் பாதுகாப்புக்குள், ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் இருப்பதை விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் தொடாது. அங்கே சி டிரைவ் முழுவதையும் சேர்த்து வைத்திருந்தார்கள், திருட்டு ஆக்டிவேட்டரைப் பிடிக்கக் கூடாது என்று. ஆறு மாதம், 14 குடும்பங்களின் வியாபாரக் கணக்கைக் காவலே இல்லாத மெஷினில் வைத்திருந்திருக்கிறேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் வேறு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினேன். ஒவ்வொருவருக்கும் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். ஒருவர் கணக்கை வேறு இடத்துக்குக் கொண்டு போய்விட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

கேட்டதும் மனம் ஆறாத விஷயம் ஒன்று. விண்டோஸ் 8 காலத்திலிருந்து பிராண்டட் லேப்டாப்பில் விண்டோஸ் சாவி, அதாவது லைசென்ஸ் எண், மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். என் மெஷினிலும் ப்ரோ பதிப்பின் சாவி இருந்தது. காசு கொடுத்து வாங்கிய, முறையான லைசென்ஸ்! கடையில் எல்லா மெஷினுக்கும் ஒரே குளோனை, அதாவது ஒரே நகலைப் போட்டு, அதன் மேல் திருட்டுப் பதிப்பை ஏற்றியிருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே விண்டோஸை 8 ஜிபி பென்டிரைவில் இறக்கி, டிஸ்க்கை முழுதாக அழித்துப் புதிதாகப் போட்டான் பையன். நெட்டில் இணைத்ததும் ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ என்று வந்தது. ஒரு பைசா செலவில்லை.

ஆபீஸுக்கு அப்படிச் சாவி எதுவும் இல்லை. இலவசமான லிப்ரே ஆபீஸ் போட்டு, சிஎஸ்வி என்ற எளிய அட்டவணை ஃபைலாகச் சேமித்து, ஜிஎஸ்டி ஆஃப்லைன் டூலில் ஏற்றி, 11ஆம் தேதி இரவு பத்தரைக்குக் கடைசி ரிட்டர்னை முடித்தேன்.

கடைக்காரர் பணம் எதுவும் தரவில்லை. பில்லில் ‘யூஸ்டு லேப்டாப் 1’ என்று மட்டும்தான் இருந்தது. விண்டோஸ் பற்றி ஒரு சொல் இல்லை. அதைப் பார்க்காமல் வாங்கியது என் தவறு. பதிப்பின் பெயரையும் லைசென்ஸ் உண்டு என்பதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். தயங்கினால் அந்தக் கடையே வேண்டாம். திருட்டு முறையில் ‘நிரந்தரம்’, ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ என்று காட்ட வைக்கவும் வழி இருக்கிறதாம், ஆகவே திரையை மட்டும் நம்பாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் அழித்துப் புதிதாகப் போட்டுப் பாருங்கள். என்னுடையது போன்ற கேஎம்எஸ் ஏமாற்று அதில் தெரிந்துவிடும், ஆனால் திருட்டு ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ அப்போதும் தெரியாமல் போகலாம்.

இது தெரிந்த பிறகும் அப்படியே ஓட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்துபவரைத்தான் பிடிக்கிறது. 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். தொழிலுக்குப் பயன்படுத்தாதவருக்குச் சிறை இல்லாமல் அபராதத்தோடு விடக் கோர்ட்டுக்கு இடமிருக்கிறது. எனக்கு இது தொழில்.

இந்த ஒரு வருடத்தில் பழைய லேப்டாப் வாங்கியவர்கள் இன்றைக்கே அந்த எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலைத் திறந்து பாருங்கள். சி டிரைவ் இருந்தால் உடனே நெட்டைத் துண்டியுங்கள், பாஸ்வேர்டுகளை வேறு மெஷினிலிருந்து மாற்றுங்கள். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் இங்கே கேளுங்கள், பையனிடம் கேட்டுச் சொல்கிறேன்.