ப்ரோநவுன் சார்ட்: வாங்கலாம், ஆனால் 'எனக்கு' என்ற சொல்லில் கவனம்

ஸ்டேஷனரி கடைகளில் கிடைக்கும் லேமினேட் செய்த ஆங்கில ப்ரோநவுன் (பெயருக்குப் பதிலாக வரும் சொல்) சார்ட்டில் பொதுவாக 7 வரிசை, 5 பத்தி இருக்கும்: ஐ, மீ, மை, மைன், மைசெல்ஃப் என்று. வடிவங்களை மனப்பாடம் செய்ய இது நல்ல துணை. வாங்கும் முன் 'இட்' வரிசையைப் பாருங்கள். உரிமையைக் குறிக்கும் 'இட்ஸ்' நடுவே அப்பாஸ்ட்ரஃபி (’ என்ற மேற்குறி) போட்டிருந்தால் அந்த சார்ட் வேண்டாம். அந்தக் குறி 'இட் இஸ்' என்பதன் சுருக்கத்துக்கு உரியது. 'ஹெர்ஸ்', 'தேர்ஸ்' எதற்கும் அது கிடையாது.

பெரிய சிக்கல் தமிழ்ப் பொருளில் இருக்கிறது. 'மீ' என்றால் 'என்னை, எனக்கு' என்று போட்டிருப்பார்கள். 'கிவ் மீ' வரைக்கும் சரி. ஆனால் எனக்குத் தெரியும், எனக்குப் பசிக்கிறது, எனக்கு இரண்டு தம்பிகள்: இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் 'ஐ'தான். சார்ட்டை நம்பும் பிள்ளை 'மீ நோ' என்று எழுதினால் தவறு பிள்ளையுடையது அல்ல. தமிழில் உருபு சொல்வதை ஆங்கிலத்தில் இடம் சொல்கிறது. வினைக்கு எழுவாயாக நின்றால் ஐ, ஹீ, ஷீ, வீ, தே. வினைக்குச் செயப்படுபொருளாகவோ 'டு', 'ஃபார்', 'வித்' போன்ற ப்ரெபொசிஷனுக்குப் பின்னோ வந்தால் மீ, ஹிம், ஹெர், அஸ், தெம். 'யூ', 'இட்' இரண்டும் மாறாதவை. ஆக, குழப்பம் ஐந்தே ஜோடிகளில்தான்.

'அண்ட்' வந்தால் தடுமாற்றம் அதிகம். அதற்குச் சார்ட்டில் ஒரு வரிகூட இருப்பதில்லை. கூட இருப்பவரை நீக்கிவிட்டுப் படியுங்கள். 'மீ வென்ட்' சரியாக ஒலிக்காது, எனவே 'ரவி அண்ட் ஐ வென்ட்'. 'ஷீ கால்டு ஐ' சரியாக ஒலிக்காது, எனவே 'ஷீ கால்டு ரவி அண்ட் மீ'. முதல் தவறைத் திருத்தித் திருத்தியே, 'அண்ட் ஐ'தான் எப்போதும் மரியாதையான ஆங்கிலம் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். 'பிட்வீன் யூ அண்ட் ஐ' அப்படித்தான் வருகிறது. பிட்வீனுக்கு இருவர் வேண்டும் என்பதால் அங்கே நீக்கிப் பார்க்க முடியாது. இருவரையும் சேர்த்து 'வீ'யா 'அஸ்'ஸா என்று பாருங்கள்: 'பிட்வீன் அஸ்' என்பதால் 'பிட்வீன் யூ அண்ட் மீ'.

'ஹூ', 'ஹூம்' பல சார்ட்டுகளில் இருக்காது. அடியில் மார்க்கரால் எழுதிக்கொள்ளுங்கள்: பதில் 'ஹீ' என்றால் கேள்வி 'ஹூ', பதில் 'ஹிம்' என்றால் 'ஹூம்'.