கேம் டைமிங் சந்தேகமா? ஸ்கேனர், வேக்குவம் கேஜ், ஸ்கோப்: பெங்களூரில் எதை முதலில் எடுப்பது

காரில் இழுவை குறைந்துவிட்டது. காலையில் செல்ஃப் அடித்தால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. மைலேஜும் இறங்கிவிட்டது. பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் பம்ப் எல்லாம் பார்த்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது கேம் டைமிங் மீதான சந்தேகம். அதாவது, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டோடு, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு ஒத்துச் சுற்றுகிறதா என்பது. இரண்டையும் இணைப்பது ஒரு செயின் அல்லது பெல்ட். அதை உறுதிசெய்ய ஸ்கேனர், எஞ்சின் காற்றை இழுக்கும் உறிஞ்சலை அளக்கும் வேக்குவம் கேஜ், சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ், சென்சார் சிக்னலைப் படமாக வரைந்து காட்டும் ஸ்கோப் என்று கருவிகள் இருக்கின்றன. எதுவும் வேண்டாம், நேராக டைமிங் கவரைக் கழற்று என்பவர்களும் இருக்கிறார்கள். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் நம் ஆட்கள் நடத்தும் ஷெட்களில் இது பற்றி ஆளுக்கொரு கட்சி. என் கட்சி இது: செயின் எஞ்சின் என்றால் முதலில் வேக்குவம், அடுத்து ஸ்கோப். பெல்ட் எஞ்சின் என்றால் வேக்குவம் பார்த்த கையோடு மேல் கவரைக் கழற்றலாம். ஸ்கேனர் சொன்னதை மட்டும் நம்பி டைமிங் செயின் கிட் வாங்க ஜே.சி. ரோட்டுக்குப் போகவே கூடாது.

முதலில் உங்கள் காரில் இருப்பது செயினா பெல்ட்டா என்று தெரிந்துகொள்ளுங்கள். மாருதி 800, ஆல்ட்டோ 800, சான்ட்ரோ ஜிங், 1.1 லிட்டர் ஐ10 இவையெல்லாம் பெல்ட். மாருதியின் கே சீரிஸ் எஞ்சின்களும் ஹூண்டாயின் 1.2 கப்பா எஞ்சினும் செயின். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் (பல்சக்கரத்தில்) 20 பல் இருந்தால், ஒரு பல் தப்பினாலே 18 டிகிரி போய்விடும். வண்டி அப்போதும் ஓடும், அதுதான் சிக்கல். இன்னும் இரண்டு மூன்று பல் தாண்டினால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். அதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.

எல்லோர் கையிலும் இருப்பது ஸ்கேனர். எஸ்.பி. ரோட்டில் சில நூறு ரூபாய்க்கு ப்ளூடூத் அடாப்டர் கிடைக்கிறது, எஞ்சின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த பிழைக் கோடு (code) எதுவென்று மொபைலிலேயே படிக்கலாம். கேமும் கிராங்கும் ஒத்துப்போகவில்லை என்பதற்கு வருவது பி0016. ஆனால் அந்த ஒரே கோடு செயின் நீண்டிருந்தாலும் வரும், பல் தப்பியிருந்தாலும் வரும், விவிடி (ஓட்டத்துக்கு ஏற்ப கேம் டைமிங்கை மாற்றும் அமைப்பு) ஆயில் கன்ட்ரோல் வால்வு அழுக்கில் மாட்டியிருந்தாலும் வரும், சென்சார் வயர் உரசியிருந்தாலும் வரலாம். இதில் ஒன்று அரை மணி நேர வேலை, இன்னொன்று எஞ்சின் முன்பக்கத்தையே பிரிக்கும் வேலை. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கேம் சென்சாரே இல்லாத பழைய எஞ்சினில் பல் தப்பினாலும் டைமிங் கோடு வர வழியில்லை.

ஷெட்டில் ஒரு பழைய பெல்ட் ஹேட்ச்பேக் வந்து நின்றபோது இதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வேறெங்கோ பெல்ட் மாற்றிய வண்டி. ஏசி போட்டுக்கொண்டு மேம்பாலம் ஏறினால் இரண்டாவது கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. "கோடே வரல தம்பி, டைமிங் எப்படித் தப்பும்?" என்றார் மெக்கானிக். "ஒரு தடவ வேக்குவம் வச்சுப் பாத்துடலாம்ணே" என்றேன். எஞ்சினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டில் இருந்த ஒரு சின்ன ஹோஸைக் கழற்றி கேஜை மாட்டினோம். ஐடிலில் முள் 12 அங்குலத்தில் (பாதரச அளவு) நின்றது. ஆட்டமே இல்லை. வால்வு கருகியிருந்தால் முள் விட்டுவிட்டுத் துடிக்கும். அசையாமல் தாழ்வாக நின்றால் எல்லா சிலிண்டருக்கும் பொதுவான கோளாறு. 10 நம்பர் போல்ட்டுகளைக் கழற்றி மேல் கவரை எடுத்தோம். கிராங்க் புல்லியின் குறி சரியான இடத்தில் நின்றது. கேம் குறியோ வரவேண்டிய இடத்துக்கு ஒரு பல் பின்தங்கி நின்றது. சரிசெய்து மாட்டியதும் முள் 16-க்கு ஏறியது.

அந்த 16 சரியான கணக்கா என்று கேட்டால், பெங்களூருக்குச் சரி. இந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரிப்பேர் கையேடுகளில் ஐடில் வேக்குவம் 17 முதல் 21 அங்குலம் என்று போட்டிருப்பது கடல்மட்டக் கணக்கு. ஆயிரம் அடிக்கு ஒரு அங்குலம் வீதம் குறைத்தால் இங்கே 14 முதல் 18 வரை. சென்னையில் தொழில் கற்று இங்கே வந்தவர் 15-ஐப் பார்த்து டைமிங் லேட் என்று முடிவுகட்டினால், நல்ல எஞ்சினைப் பிரித்துப் போடுவார். கம்ப்ரஷனுக்கும் இதே கதை. சென்னையில் 180 பிஎஸ்ஐ காட்டும் எஞ்சின் இங்கே 160-ஐ ஒட்டித்தான் காட்டும்.

இந்த உயரக் கணக்கே வேண்டாம் என்றால் ஒரு வழி இருக்கிறது, ஸ்கேனரை நான் மதிப்பது இதற்காகத்தான். மேப் சென்சார் (மேனிஃபோல்டு அழுத்தத்தை அளப்பது) உள்ள வண்டியில் லைவ் டேட்டாவைத் திறங்கள். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் பெங்களூரில் 91 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்ட வேண்டும். சென்னையில் அது 101. காட்டினால் சென்சார் நல்ல நிலையில் இருக்கிறது. அப்புறம் சூடான எஞ்சினை ஏசி இல்லாமல் ஐடிலில் விடுங்கள். 30 முதல் 40 வரை வந்தால் நல்லது. ஐடிலில் எஞ்சினுக்கு வேண்டிய காற்று எந்த ஊரிலும் ஏறக்குறைய அதே அளவுதான் என்பதால், இந்த எண் மேட்டிலும் பள்ளத்திலும் பெரிதாக மாறாது. 50-ஐத் தாண்டி நின்றால் காற்றுக் கசிவையும் இக்னிஷனையும் பார்த்துவிட்டு, டைமிங் பக்கம் திரும்பலாம்.

கம்ப்ரஷன் கேஜை நான் இரண்டாம் இடத்தில்கூட வைக்க மாட்டேன். எல்லா பிளக்கையும் கழற்றி, பெட்ரோலை நிறுத்தி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பார்க்க வேண்டும்; பேட்டரி கொஞ்சம் சோர்ந்திருந்தாலும் எண் பொய்யாகிவிடும். ஒரே ஒரு இடத்தில் உதவும்: எல்லா சிலிண்டரும் ஒரே மாதிரி தாழ்ந்திருந்து, ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுப் பார்த்தும் ஏறவில்லையென்றால் பிஸ்டன் ரிங் மீது பழி போட முடியாது. இன்லெட் வால்வு லேட்டாக மூடுகிறது என்ற சந்தேகம் வலுக்கும்.

ஸ்கோப் விலை கூட, கற்றுக்கொள்ளவும் நாள் பிடிக்கும். ஆனால் செயின் எஞ்சினில் அதற்கு ஈடு இல்லை. முன் கவரைக் கழற்ற எஞ்சின் மவுன்ட்டை எடுக்க வேண்டும், பல எஞ்சின்களில் ஆயில் பேனையும் இறக்க வேண்டும். அதற்கு முன் ஒரு படத்தில் விடை தெரிந்துவிடுகிறது. ஒரு சேனலில் கிராங்க் சென்சார், இன்னொன்றில் கேம் சென்சார். கிராங்க் சென்சார் படிக்கும் சக்கரத்தில் 60 பல்லுக்கு இடம் இருந்து, அதில் இரண்டு விடுபட்டிருந்தால் ஒவ்வொரு பல்லும் 6 டிகிரி. விடுபட்ட இடத்திலிருந்து எத்தனையாவது பல்லில் கேம் சிக்னல் மாறுகிறது என்று எண்ண வேண்டும். முன்சொன்ன 20 பல் ஸ்ப்ராக்கெட்டில் செயின் ஒரு பல் தாண்டியிருந்தால், இந்தச் சக்கரத்தில் மூன்று பல் தள்ளி நிற்கும். நீண்டு மட்டும் இருந்தால் ஒரு பல்லுக்கும் குறைவான நகர்வாக இருக்கலாம். அதைப் பிடிக்க அதே மாடலின் நல்ல வண்டியில் எடுத்த படம் வேண்டும். பெங்களூரில் இது கஷ்டமில்லை, ஆயில் மாற்ற வரும் வண்டிகளில் எடுத்துச் சேமித்து வைக்கலாம். விவிடி இருந்தால் ஆயில் கன்ட்ரோல் வால்வின் கப்ளரைக் கழற்றிவிட்டு ஒப்பிடுங்கள், இல்லாவிட்டால் எஞ்சின் தானே செய்யும் திருத்தத்தைக் கோளாறு என்று நினைத்துவிடுவீர்கள்.

ஸ்கோப்புக்கும் ஒரு குறை உண்டு. அது பார்ப்பது சென்சார் சக்கரத்தை, வால்வை அல்ல. சக்கரம் இடம் நழுவியிருந்தால் நல்ல டைமிங்கும் தப்பாகத் தெரியும். அதனால்தான் வேக்குவமும் கூடவே வேண்டும் என்கிறேன். ஸ்கோப்பில் தப்பு, வேக்குவமும் தாழ்வு என்றால் டைமிங் உண்மையிலேயே நழுவியிருக்கிறது, பிரிக்கலாம். ஸ்கோப்பில் தப்பு, வேக்குவம் நல்லது என்றால் சென்சாரையும் அதன் சக்கரத்தையும் பாருங்கள். ஆனால் சில டிகிரி நகர்வு மட்டும் தெரிந்தால் செயின் நீண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு, அது வேக்குவத்தில் சரியாகத் தெரியாது. ஸ்கோப் நல்லது, வேக்குவம் தாழ்வு என்றால் டைமிங்கை விட்டுவிடுங்கள். 2500 ஆர்பிஎம்மில் பிடித்து நிறுத்தும்போது முள் மெல்ல மெல்ல இறங்கினால் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கிறது.

கவரைக் கழற்றிவிட்டீர்கள் என்றால், கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு எஞ்சின் சுற்றும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டுக் குறிகளைப் பாருங்கள். கேம் போல்ட்டைப் பிடித்துச் சுற்றாதீர்கள். செயினில் வண்ணம் பூசிய கண்ணிகள் இரண்டு சுற்றில் பழைய இடத்துக்குத் திரும்பாது, அதற்குப் பல சுற்று ஆகும். அதைப் பார்த்துப் பதறி, சரியாக இருக்கும் செயினை மறுபடி கழற்றுவோர் இருக்கிறார்கள். ஸ்ப்ராக்கெட் குறிகள் நேராக நின்றால் மாட்டிவிடலாம்.